தணுப்பு பார்க்கப் போனது

கொச்சியில் யார் யார் வீட்டில் கம்பளிச் சட்டை இருக்கிறது என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அம்மா ஆபரேஷனுக்காக இங்கிலாந்து போகப் போகிறாள் என்ற செய்தி மட்டாஞ்சேரியில் பரவியதுமே, எல்லோரும் பெட்டிகளைக் குடைந்து, பூச்சி உருண்டை நாற்றத்தோடு கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறிவிட்டார்கள். வருஷம் முழுக்க வியர்த்துக் கொட்டுகிற ஊரில் இத்தனை கம்பளி எங்கே ஒளிந்து கிடந்தது என்று அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். பக்கத்துத் தெருவில் இருந்த குஜராத்தி அம்மாள் கழுத்துக்குச் சுற்றுகிற துணி ஒன்றைத் தன் கையாலேயே பின்னிக்கொண்டு வந்தாள். கொச்சங்காடியில் அப்பாவோடு மிளகு கிட்டங்கியில் வேலை பார்த்தவர், கப்பலில் இருந்த தன் மைத்துனருடைய கோட்டைக் கொடுத்தனுப்பினார். அதற்குள் அம்மாவைப் போல இரண்டு பேர் தாராளமாக நுழையலாம். அத்தனையையும் கொடியில் போட்டோம். மழைக்காலம் வேறு. என் பாவாடை சட்டை காய இடமில்லாமல் ஈரத்தோடு பள்ளிக்கூடம் போனேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மா போகவிருந்த மாதத்தில் இங்கிலாந்தில் வெயில் காலம். அங்கே டாக்டராக இருந்த சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, தலைப்பாடாக அடித்துக்கொண்டார். பருத்திச் சேலையே போதும், மிஞ்சிப்போனால் ஒரு சால்வை என்றார். யார் கேட்டார்கள்? சீமையில் வெயிலாம், இவர் கண்டாராம் என்று சிரித்தார்கள். ஐந்தாறு வருஷமாக அங்கேயே குடியிருக்கிற மனுஷன் அவர்.

எங்கள் வீடு மாடியில் இருந்தது. கீழே சுக்கு மூட்டை அடுக்கிய கிட்டங்கி. தெருவிலிருந்து மேலே வர, நீளமாக, செங்குத்தாக ஒரு மரப்படி. அந்தப் படிதான் அம்மாவுக்கு எதிரி. சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதைக் கீறிச் சரி செய்தார்கள். சில வருஷம் தாங்கியது. நான் பிறந்து, ஓடியாடத் தொடங்கிய பிறகு மறுபடியும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. இனிமேல் கீறிப் பயனில்லை, வால்வையே மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆள் தங்காது என்று சித்தப்பா அப்பாவிடம் சொன்னதை நானே கேட்டேன்.

அம்மா பாதிப் படி ஏறினால் மூச்சு முட்டும். பாதிப் படி இறங்கினாலும் அதே கதைதான். ஆகவே அவள் ஒரு காரியம் செய்தாள். நடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். மேலே அடுப்படிக்கும் கீழே தெருவுக்கும் ஒரே நேரத்தில் உத்தரவு போட அதைவிடத் தோதான இடம் வேறு கிடையாது. காய்கறிக்காரியிடம் பேரம், கிட்டங்கிக்காரர்களோடு சண்டை, என் வாய்ப்பாடு, அப்பாவின் சட்டைக்குப் பித்தான், எல்லாம் அங்கேயேதான். அப்பா வீட்டுக்கு வரும்போது சுவரோடு சுவராக ஒட்டி, பக்கவாட்டில் நடந்துதான் அவளைக் கடந்து மேலே போவார். சீக்காளி என்று யாராவது உச்சுக் கொட்டினால் அவர்களுக்கு அன்றைக்குச் சாயா கிடையாது. அப்பேர்ப்பட்டவள், ஒரு விஷயத்தில் யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னதும் வீடே ஆடிப்போய்விட்டது.

நடந்தது இதுதான். சித்தப்பா லீவில் வந்திருந்தார், திரும்பும்போது மதினியைக் கையோடு கூட்டிப் போவது என்ற திட்டத்தோடு. பாஸ்போர்ட் வந்தாயிற்று. அங்கே ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டில் ஒதுக்கியாயிற்று. வந்த அன்று சாயங்காலமே அவர் அம்மாவுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். அப்பாவை அம்மா வெற்றிலை வாங்க அனுப்பியிருந்தாள். நான் மேல்படியில் இருந்தேன். கையை மார்பில் வைத்துக் காட்டுவதும், விரலை மூடித் திறப்பதுமாகச் சித்தப்பா என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கடைசியில் ஏதோ கேட்டுக்கொள்ள, அவர் தலையாட்டினார். அப்பா வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அப்போதுதான் அம்மா, "நான் யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றாள்.

சித்தப்பா மறுநாள் பாலக்காட்டில் தன் மாமனார் வீட்டுக்குக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கிக்குப் போன் செய்வேன், அதற்குள் மதினி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இந்தக் கட்டில் போனால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தெரியாது, மதினிக்கு அதுவரை காத்திருக்கிற உடம்பு இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. போ என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, போகாதே என்று சொல்லவும் வரவில்லை. அம்மாவைக் கடந்து போகும்போது மட்டும் முன்பைவிட மெதுவாகக் கடந்தார்.

அம்மா எதற்குத் தயங்குகிறாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஏனென்றால் அவள் என்னிடம்தான் கேட்டாள்.

"ஏன்டி, தணுப்புன்னா நெசமா எப்படிடி இருக்கும்?"

தணுப்பு என்றால் குளிர். மலையாளச் சொல்தான், ஆனால் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற எங்கள் வீட்டில் குளிருக்கு வேறு சொல் கிடையாது. சொல்லுக்கும் பெரிய தேவை இருந்ததில்லை; மார்கழி அதிகாலையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் தீர்ந்தது எங்கள் தணுப்பு. நான் புவியியல் புத்தகத்தில் படித்த பனி, எஸ்கிமோ எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அம்மா கையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டாள். அப்பாவிடம் கேட்டாள். அங்கே இப்போது வெயில் காலம் என்று அவர் சித்தப்பா சொன்னதையே திருப்பிச் சொன்னார். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. குஜராத்தி அம்மாளைக் கேட்டதில், அவள் இன்னொரு கழுத்துத் துணி பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி, வெலிங்டன் தீவில் ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். ஐஸ் கம்பெனி என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. அசலில் அது இறாலை உறைய வைத்துக் கப்பலேற்றுகிற கம்பெனி. நாங்களோ முட்டை கூடத் தொடாத சைவம். அந்த வேலைக்குப் போகிறேன் என்று மாமா சொன்ன நாளில் அம்மா அவரோடு பேசுவதையே நிறுத்தி, பிறகு ஒரு சட்டம் போட்டுச் சேர்த்துக்கொண்டாள். வேலையிலிருந்து நேரே வந்தால் பின்கட்டுக் கிணற்றில் தலைமுழுகி, வேஷ்டி மாற்றிக்கொண்டுதான் படியில் கால் வைக்க வேண்டும். இறால் என்ற சொல்லை வீட்டுக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது. மாமா பாவம், கொட்டுகிற மழையிலும் முதலில் கிணற்றடிக்குத்தான் போவார்.

அன்றைக்கும் தலை சொட்டச் சொட்ட வந்து படியில் உட்கார்ந்தவரிடம், அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். நாளைக்கு இவளை உன் கம்பெனிக்குக் கூட்டிப் போ, அந்தத் தணுப்பு அறைக்குள் கொஞ்ச நேரம் நிற்க வைத்துத் திரும்பக் கூட்டி வா என்றாள். மாமா சிரித்தார். அம்மா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான்தான் போகணும். என்னை நீங்க யாரும் விட மாட்டீங்க. எனக்குப் பதிலா இவ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

"அக்கா, அங்க உள்ள பூரா..." என்று மாமா இழுத்தார். சொல்ல வாய் கூசி என்னைப் பார்த்தார்.

"இறால்தானே. இருந்துட்டுப் போகுது" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவுக்கும்தான். ஈரத்தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டார். பிறகு சரி என்றார்.

அம்மா எனக்குப் பாடம் எடுத்தாள். முதலில் உடம்பில் எந்த இடம் தணுக்கிறது என்று பார்க்க வேண்டும். மூச்சு வாங்குகிறதா பார்க்க வேண்டும். மனசு ஓடுகிறதா, நின்றுபோகிறதா என்று கவனிக்க வேண்டும். வெளியே வந்த பிறகு பழைய மாதிரி ஆக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது ரொம்ப முக்கியம். நான் எல்லாவற்றையும் இரண்டு முறை ஒப்பித்தேன். பரீட்சைக்குக்கூட அம்மா என்னை இத்தனை பாடுபடுத்தியதில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. இங்கிலாந்துத் தணுப்பை மட்டாஞ்சேரியிலிருந்து பார்த்துவர என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இதில் நான் தேறினால் அம்மா கிளம்பிவிடுவாள் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

சனிக்கிழமை மாமாவும் நானும் மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறினோம். மழை காயலைக் குத்திக்கொண்டிருந்தது. தீவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கம்பெனி. வாசலிலேயே வந்த வாடையில் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நீளமான மேஜைகளைச் சுற்றிப் பெண்கள் நின்று, பேச்சை நிறுத்தாமலேயே இறால் தோலை உரித்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். விபூதி பூசிய என் நெற்றியைப் பார்த்து ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். மாமா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

தணுப்பு அறையின் கதவு எங்கள் வீட்டு நெல்பெட்டியைவிடக் கனம். அங்கே காவலாக இருந்த வயதான சேட்டனிடம் மாமா என்ன சொல்லி வைத்திருந்தாரோ, அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சட்டையை எனக்கு மாட்டிவிட்டார். அது என் கணுக்கால் வரைக்கும் வந்தது. மாமாவும் ஒன்றை மாட்டிக்கொண்டார். நீங்கள் வர வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். தனியாகப் போ என்று அம்மா சொல்லவில்லை; சொல்லியிருந்தால் மாமா ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டார். ஆனால் அம்மா போகும்போது தனியாகத்தானே போவாள். மாமா இருந்தால் அது எப்படிச் சரியாகும்? நான் வாசலிலேயே உட்கார்ந்து பிடிவாதம் பிடித்தேன். பிடிவாதத்தில் நான் அம்மாவின் மகள். கடைசியில் சேட்டன்தான் சமாதானம் செய்தார். கதவைத் திறந்து, உள்பக்கம் இருந்த ஒரு குமிழைக் காட்டினார். வெளியே எப்படிப் பூட்டினாலும் சரி, உள்ளேயிருந்து இதைப் பிடித்துத் தள்ளினால் திறந்துகொள்ளும், யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை வைத்திருக்கிறார்கள் என்று மலையாளத்தில் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். என்னையே ஒரு தரம் தள்ளிப் பார்க்கச் சொன்னார்.

"பேடிக்கண்டா மோளே" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். பிறகு கதவைச் சாத்தினார்.

அந்தச் சத்தத்தில் என் நெஞ்சு ஒரு தடவை நின்று அடித்தது. ஒரே ஒரு பல்பு. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். குழாய்களின் மேல் உப்பு பூத்தது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. என் மூச்சு புகையாக வெளியே வருவதை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன். அம்மா சொன்னபடி கவனிக்க ஆரம்பித்தேன். முதலில் மூக்கு. அடுத்தது காது. பிறகு விரல் நுனிகள் வலித்தன. அழுகை வந்தது, அழக்கூடாது, அழுதால் சரியாகக் கவனிக்க முடியாது என்று அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வலி போய்விட்டது. எங்கேயோ விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் தூரத்தில் போகிற மாதிரி. மனசு ஓடுகிறதா என்று சோதிக்க ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நின்றது, ஆனால் வெளியிலும் எனக்கு அது பாதியில்தான் நிற்கும். அம்மா நடுப்படியில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. போதும் என்று தோன்றியதும் குமிழைப் பிடித்துத் தள்ளினேன். கதவு திறந்துகொண்டது. வெளியே மாமா வெளிறிப்போய் நின்றிருந்தார். அவர் கதவைத் திறக்க வந்ததும் நான் தள்ளியதும் ஒரே நேரம் என்று பிற்பாடு சொன்னார். நான் அதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

வெளியே உட்கார வைத்து உள்ளங்கையைத் தேய்த்தார்கள். ஜெட்டி பக்கத்துக் கடையில் மாமா சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரியும் வாங்கித் தந்தார். மூன்று பழம்பொரி தின்றேன்.

வீட்டுக்கு வந்து, மாமாவும் நானும் கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுப் படியேறினோம். அம்மா மாமாவை மேலே அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். நான் வரிசை தப்பாமல் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிச்சுதா?"

"முதல்ல வலிச்சுது. அப்புறம் இல்ல. தூக்கம் வர்ற மாதிரி இருந்துச்சு."

"எங்க ஓர்மை எல்லாம் இருந்துச்சா?"

"உன் ஓர்மை இருந்துச்சு. அப்பாவை மறந்துட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பயமாக இருந்ததா, பொய் சொல்லக் கூடாது என்றாள்.

"கதவைச் சாத்துனப்ப மட்டும்தான். ஆனா உள்ளேயும் ஒரு கைப்பிடி இருக்கும்மா. தள்ளுனா திறந்துக்கும்."

"நீ தள்ளிப் பாத்தியா?"

"பாத்தேன். நானேதான் திறந்துக்கிட்டு வந்தேன்."

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தாள். வெளியே வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டாள். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது, அப்புறம் பசித்தது என்றேன். பசித்ததா, பசித்ததா என்று இரண்டு தடவை கேட்டாள். எத்தனை பழம்பொரி தின்றாய் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அப்பா சாயங்காலம் வந்தார். என்னதான் தலைமுழுகினாலும் என் பாவாடையில் இருந்த வாடை அவர் மூக்குக்குத் தப்பவில்லை. விஷயம் வெளியே வந்ததும், குரல் உயர்த்தி நான் கேட்டறியாத மனுஷன், பெண்டாட்டியை அறுக்கக் கொடுக்கப்போவது போதாதென்று பிள்ளையைக் கொண்டுபோய் மீன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினீர்களா என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார். நடுவில் நான் வேறு தும்மித் தொலைத்தேன். அம்மா எல்லாம் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அவனை ஏன் ஏசுறீங்க? நான்தான் அனுப்பினேன்" என்றாள். "நாளைக்குத் தம்பி போன் பண்ணினா, நான் வர்றேன்னு சொல்லிடுங்க."

அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை. அம்மா ஒத்துக்கொண்டதற்குச் சந்தோஷப்படாமல் இவர் ஏன் அழுகிறார் என்று கோபம்கூட வந்தது.

அப்போது கொச்சியின் விமான நிலையமும் வெலிங்டன் தீவில்தான்; அம்மா அதே தீவிலிருந்துதான் விமானம் ஏறினாள். குஜராத்தி அம்மாளின் கழுத்துத் துணியை மட்டும் மரியாதைக்கு எடுத்துக்கொண்டு, கப்பல்காரர் கோட்டு முதலான மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் போனாள். அத்தனை தணுப்பைப் பார்த்துச் சொல்லியும் இவள் ஏன் வெறும் பருத்திச் சேலையோடு போகிறாள் என்று எனக்குப் பெரிய குறை. என் பேச்சை நம்பவில்லையோ என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து, போன மாதிரியே பருத்திச் சேலையோடு திரும்பி வந்தாள். வந்த அன்று அடியிலிருந்து மேல்படி வரைக்கும் நிற்காமல் ஏறினாள். பின்னாலேயே அப்பா கையை விரித்துக்கொண்டு ஏறினார், விழுந்தால் பிடிப்பதற்கு. அதற்குப் பிறகு நடுப்படி காலியாகிவிட்டது. எனக்குத்தான் அங்கே உட்கார்ந்து படிக்க இடம் கிடைத்தது.

நான் காலேஜ் முடித்த வருஷம் சித்தப்பா லீவில் வந்திருந்தார். ஒருநாள் அதே படியில் இருவரும் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா மேலே அடுப்படியில் என்னவோ பொரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு அந்த ஆபரேஷன் பக்கம் போனது. அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று சும்மாதான் கேட்டேன். உடம்பைக் குளிர வைப்போம் என்றார் அவர். குளிர வைத்து, இதயத்தை நிறுத்தி, வால்வை மாற்றி, மறுபடி சூடேற்றி ஓடவிடுவது. நோயாளிக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்பதால் முதல் நாளே மதினியிடம் இந்தப் படியில் வைத்துச் சொல்லிவிட்டேன், அண்ணன் காதில் விழக் கூடாது என்று மதினிதான் கேட்டுக்கொண்டார் என்றார்.

என் கையில் இருந்த சாயா ஆறிப்போனது.

"ஒண்ணுதான் எனக்கு இன்னும் விளங்கல" என்றார் சித்தப்பா. "உள்ள கொண்டுபோறப்ப நான் பக்கத்துல இருந்தேன். மதினி என் கையைப் பிடிச்சு, 'தம்பி, உள்ளேயும் கைப்பிடி இருக்குல்ல?'ன்னு கேட்டாங்க. மருந்து ஏறிப் பேசுறாங்கன்னு நினைச்சு, இருக்கு மதினின்னு சொன்னேன். உடனே சிரிச்சுக்கிட்டே கண்ணை மூடிட்டாங்க. அது என்ன கைப்பிடி?"

மேலேயிருந்து அம்மா, அங்கே என்ன என் தலையை உருட்டுகிறீர்கள் என்று குரல் கொடுத்தாள். சித்தப்பா அண்ணாந்து பார்த்து அதே கேள்வியைச் சத்தமாகக் கேட்டார். அம்மா கையில் கரண்டியோடு மேல்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அதை அவகிட்டயே கேளுங்க தம்பி" என்றாள் அம்மா. "எனக்கு முன்னாடி அங்க போயிட்டு வந்தவ அவதான்."